கேசினோ ஒரு மாலை, ஊர் இரண்டு நாள்

கோயம்புத்தூரிலோ அதைச் சுற்றிய கொங்கு நாட்டிலோ சட்டப்படி நடக்கும் கேசினோ ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. இங்கிருந்து கேசினோவுக்குப் போக நினைப்பவர் ஒரு மாநில எல்லையையோ நாட்டு எல்லையையோ தாண்டியாக வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் முடிந்திருக்கக்கூடிய காரியம் இரண்டு மூன்று நாள் பயணமாக விரிவது இதனால்தான். பயணம் என்று ஆகிவிட்டால் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் வந்து சேர்ந்துகொள்கின்றன. இவற்றை எந்த வரிசையில் வைப்பது, கேசினோவுக்கு எவ்வளவு நேரமும் பணமும் ஒதுக்குவது என்ற இரண்டு முடிவுகளைப் பொறுத்தே அந்தப் பயணம் நன்றாக அமைகிறது, அல்லது கெடுகிறது.

சூதாட்டத்தை அனுமதிப்பதும் தடுப்பதும் இந்தியாவில் மாநிலங்களின் அதிகாரம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34ஆவது இனமாக அது இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்றும் அடிப்படையாக நிற்பது 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். சூதாட்ட விடுதி நடத்துவதும் அங்கே ஆடுவதும் அதன்படி குற்றம். திறமையை நம்பி ஆடப்படும் விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. ரம்மியில் திறமையே மேலோங்குகிறது என்று 1968இலும், குதிரைப் பந்தயமும் அப்படியே என்று 1996இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. 2003இல் மாநிலத்தில் லாட்டரி விற்பனை நிறுத்தப்பட்டது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தபோது, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதே ஆண்டு சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது.

தடை இருப்பதால் ஆசை இல்லாமல் போய்விடுவதில்லை. கரூர் மாவட்டம் பூலாம்வலசில் பொங்கலை ஒட்டி நடக்கும் சேவல்கட்டு கொங்கு முழுவதும் பேர்போனது. வாளையாரைத் தாண்டினால், 1967 முதல் கேரள அரசே நடத்திவரும் லாட்டரியின் சீட்டு கைக்குக் கிடைக்கும். தோட்டத்துச் சாளைகளில் பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் பிடிபட்ட செய்தி நாளிதழ்களின் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. பறிமுதலான ரொக்கமும் சீட்டுக்கட்டும் அந்தச் செய்தியில் ஒரு வரியாக இடம்பெறும். கேசினோப் பயணம் இந்த ஆசையின் சட்டத்துக்கு உட்பட்ட வடிவம். அதைத் திட்டமிடுபவர் அதே ஆசையைத்தான் கையாளப்போகிறார் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பணத்தைத் துணிந்து இறக்குவது கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதும், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகியதும், திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்கு வளர்ந்ததும் கடன் வாங்கித் துணிந்தவர்களால் நடந்தவை. ஈரோட்டு மஞ்சள் ஏலத்திலும் மாதாந்தர ஏலச்சீட்டிலும்கூட நாளைய விலையைப் பற்றிய ஓர் ஊகம் இருக்கிறது. ஆனால் இவற்றில் எல்லாம் உழைப்பும் அனுபவமும் கூடக்கூட, தோற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். மஞ்சளைக் கையில் உடைத்துப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்த வியாபாரிக்குத் தெரியாதவரைவிட மேலான விலை கிடைக்கும். கேசினோவில் சுழலும் சக்கரத்தின் முன் முப்பது வருடம் உட்கார்ந்தவருக்கும் இன்று வந்தவருக்கும் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றே. திருவள்ளுவர் சூதுக்கென ஒதுக்கிய 94ஆவது அதிகாரம் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே நிற்கிறது. அங்கே அவர் முதலில் எச்சரிப்பது தோல்வியைப் பற்றி அல்ல, வெற்றியைப் பற்றி. கிடைத்த வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளாகப் பார்க்கிறார். நவீனக் கணக்கும் அதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது.

கொங்கிலிருந்து போகக்கூடிய இடங்கள் மூன்று நான்கு உண்டு. கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களிலும் சில நட்சத்திர விடுதிகளிலும் கேசினோ நடக்கிறது. சிங்கப்பூரில் 2010இல் திறந்த மரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா இரண்டுக்கும் போகலாம். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. கொழும்பிலும் சட்டப்படி கேசினோக்கள் நடக்கின்றன. 2025இல் சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய வளாகமும் திறந்தது. கொழும்புக்குத் திருச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறலாம். வடகிழக்கே சிக்கிமிலும் உண்டு, ஆனால் கேங்டாக் குறுகிய விடுப்புக்குத் தொலைவு. பாஸ்போர்ட் வேண்டாம், அந்நியச் செலாவணிச் சிக்கல் இல்லை, இரண்டு இரவுகளில் முடிக்கலாம் என்பதால் கொங்குக்காரர்களுக்குக் கோவாவே கைக்கெட்டும் இடம்.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் ஒரு செய்தி பொதுவாக இருக்கிறது. 2020 பிப்ரவரி முதல் கோவா மக்கள் கோவாவின் கேசினோக்களில் நுழைய முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமே அனுமதி. சிங்கப்பூர் தன் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் ஒரு நாள் நுழைவுக்கு 150 வெள்ளி வாங்குகிறது; வெளிநாட்டவருக்கு இலவசம். இலங்கையும் தன் நாட்டவரிடம் நுழைவு வரி வாங்குகிறது. நேபாளக் கேசினோக்களில் நேபாளக் குடிமக்களுக்கு இடமில்லை. உலகப் புகழ் பெற்ற மான்டே கார்லோவில் மொனாக்கோ குடிமக்கள் ஆடக் கூடாது. கேசினோக் கூடத்தை வைத்து வருமானம் பார்க்கும் அரசுகளே தங்கள் மக்களை அதிலிருந்து தள்ளி நிறுத்துகின்றன. வெளியூரிலிருந்து போகிறவருக்கு அந்தக் காவல் கிடையாது. அதைத் தனக்குத் தானே அமைத்துக்கொள்வதுதான் திட்டமிடுதலின் முதல் வேலை.

கோவாவில் கேசினோக்கள் ஆற்றில் மிதப்பதற்குச் சட்டமே காரணம். 1976ஆம் ஆண்டு கோவா, டாமன், டையூ பொதுச் சூதாட்டச் சட்டம் முதலில் சூதாட்டத்தைத் தடுக்கத்தான் வந்தது. 1992இல் ஐந்து நட்சத்திர விடுதிகளில் மின்னணு எந்திர விளையாட்டுகளுக்கும், 1996இல் கரையை விட்டு விலகிய கப்பல்களில் மேசை விளையாட்டுகளுக்கும் திருத்தங்கள் வழிவிட்டன. பணஜியின் கரையோரச் சாலையில் நின்றால் விளக்குகள் எரியும் கப்பல்கள் ஆற்றில் வரிசையாகத் தெரியும். படகுத்துறையில் அடையாள அட்டை காட்டி, நுழைவுச் சீட்டு வாங்கி, சின்னப் படகில் ஏறிக் கப்பலுக்குப் போக வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் பல கப்பல்களில் கூடாது. ஆற்றை விட்டு இந்தக் கப்பல்களை அகற்ற வேண்டும் என்று கோவா மக்களில் ஒரு சாரார் வெகுகாலமாகப் போராடிவருகிறார்கள். விருந்தாளியாகப் போகிறவருக்கு இந்த மனத்தாங்கலும் தெரிந்திருக்க வேண்டும்.

கோவையிலிருந்து ரயிலில் போவதாக இருந்தால் வாரம் ஒருமுறை ஓடும் ஹிசார் ஏசி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, மலபார்க் கரையோரம் ஏறி, மங்களூரைத் தாண்டிக் கொங்கண் பாதையில் மட்காவ் சேரும். 1998 ஜனவரியில் கொங்கண் ரயில்பாதை முழுமையாகத் திறந்த பிறகு வாய்த்த வழி இது. வார ரயில் என்பதால் போவதற்கு அதையும் திரும்புவதற்கு வேறொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கும். விமானத்தில் போகிறவர் கோவாவில் இரண்டு நிலையங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தெற்கே டபோலிம், வடக்கே 2023 ஜனவரியில் போக்குவரத்து தொடங்கிய மோபா. பணஜி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. இறங்கும் நிலையம் ஒன்று, ஏறும் நிலையம் இன்னொன்று என்று டிக்கெட் அமைந்துவிட்டால் கார் வாடகை கூடும், நேரமும் போகும். தங்குவதற்குக் கடற்கரை விடுதிகளைவிடப் பணஜி நகரமே வசதி. படகுத்துறை, பழைய தெருக்கள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கின்றன.

பயணத்தின் வரிசையில் கேசினோ மாலையைக் கடைசி இரவில் வைப்பதே சரி. முதல் நாளே கப்பலேறித் தோற்றவருக்கு மீதி நாட்கள் முழுவதும் விட்டதைப் பிடிப்பதிலேயே போய்விடும். ஜெயித்தவருக்கோ மறுபடியும் போகத் தோன்றும். எப்படியும் ஊரைப் பார்க்க நேரமிருக்காது. கடைசி இரவில் போய், மறுநாள் காலை ரயிலோ விமானமோ இருந்தால், விளையாட்டு தானாக ஓர் எல்லைக்குள் வந்துவிடுகிறது. கூடத்துக்குள் பகலும் இரவும் தெரியாது. வெளிச்சம் எப்போதும் ஒரே அளவில் இருக்கும். நேரத்தை வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டும் என்பதால் திரும்பும் டிக்கெட்டே நல்ல கடிகாரம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணத்தில் பெரும்பாலும் பஃபே சாப்பாடும் சில பானங்களும் அடங்கும். கட்டணத்தின் ஒரு பகுதிக்கு ஆடுவதற்கான சில்லுகள் தருவார்கள். அவற்றில் ஒரு வகையை மேசையில் வைத்து ஆட மட்டுமே முடியும், கவுண்டரில் கொடுத்துப் பணமாக்க முடியாது. ரூலெட், பிளாக்ஜாக், பக்கரா ஆகியவற்றோடு இந்திய ஆட்டங்களும் உண்டு. அந்தர் பாஹர் என்று பலகையில் எழுதியிருப்பது தமிழ்நாட்டில் மங்காத்தா என்றும் உள்ளே வெளியே என்றும் திருவிழாக் கூட்டங்களில் ஆடப்பட்டதுதான். அதில் முதல் சீட்டு விழும் பக்கம் சுமார் 51.5 சதவீதம் ஜெயிக்கும். அதனால் அந்தப் பக்கம் ஜெயித்தால் கட்டியதற்கு முழுத் தொகை தராமல் 90 சதவீதம் மட்டும் கொடுப்பது வழக்கம். எந்தப் பக்கம் கட்டினாலும் நூறு ரூபாய்க்கு இரண்டு மூன்று ரூபாய் கூடத்துக்குச் சேரும்படி ஆட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது.

ரூலெட்டில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். ஐரோப்பியச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும் ஒரு பூஜ்யமும் சேர்ந்து 37 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18. சிவப்பில் கட்டி ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்று. பூஜ்யம் விழுந்தால் சிவப்பும் தோற்கும், கறுப்பும் தோற்கும். அந்த ஒரு குழிதான் கூடத்தின் வருமானம்: கட்டிய பணத்தில் 37இல் ஒரு பங்கு, அதாவது 2.7 சதவீதம். இரட்டைப் பூஜ்யமும் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் அது 5.26 சதவீதமாகிறது. உட்காருமுன் சக்கரத்தில் எத்தனை பூஜ்யம் என்று பார்த்துக்கொண்டால் செலவு பாதியாகும். பக்கராவில் பேங்கர் பக்கம் கட்டினால் 1.06 சதவீதம், சமன் என்று கட்டினால் 14 சதவீதத்துக்கும் மேல். ஒரே மேசையில் ஓர் அங்குல இடைவெளியில் இவ்வளவு வித்தியாசம். ஸ்லாட் எந்திரங்களின் விகிதத்தை ஆடுபவர் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஒருவர் 500 ரூபாய் வீதம் சிவப்பில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம்: 160 சுற்று, மொத்தம் 80,000 ரூபாய் மேசையில் போய்வருகிறது. அதில் 2.7 சதவீதம், சுமார் 2,160 ரூபாய், அவர் சராசரியாக இழக்கும் தொகை. ஆனால் சராசரியைச் சுற்றி ஏற்ற இறக்கம் பெரிது. மேலும் கீழும் 6,300 ரூபாய் போவது சாதாரணம். அதனால் இப்படி ஆடும் மூன்று பேரில் ஒருவர் அந்த இரவு லாபத்தோடு கரையேறுவார். ஊரில் பேசப்படுவது அவருடைய கதைதான். அதே ஆள் பத்து இரவுகள் ஆடினால் மொத்தத்தில் லாபம் பார்க்கும் வாய்ப்பு ஏழில் ஒன்றாகச் சுருங்கும். முப்பது இரவுகள் ஆடினால் நூறில் மூன்றுதான். கூடம் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஆடுகிறவர் திரும்பத் திரும்ப வந்தால் போதும்.

மேசையின் பக்கத்தில் ஒரு மின் பலகை இருக்கும். கடைசியாக விழுந்த எண்கள் அதில் வரிசையாக மின்னும். தொடர்ந்து ஐந்து கறுப்பு விழுந்ததைப் பார்த்தவர், இனி சிவப்புதான் என்று பெரிதாகக் கட்டுவார். சக்கரத்துக்கு முந்தைய சுற்று நினைவில் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் சிவப்புக்கு 37இல் 18தான். தோற்றால் இரட்டிப்பாகக் கட்டும் முறையையும் பலர் நம்புகிறார்கள். 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 என்று ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 31,500 ரூபாய் போயிருக்கும். ஏழாவது முறை ஜெயித்தாலும் நிகர லாபம் 500 ரூபாய். அதற்குக் கட்ட வேண்டிய 32,000 ரூபாயை மேசையின் உச்சவரம்பு அனுமதிக்காமலும் போகலாம். 160 சுற்றுக்குள் தொடர்ச்சியாக ஆறு தோல்வி ஒருமுறையாவது வருவதற்கு நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இருக்கிறது. பலகை காட்டுவது உண்மையான எண்களைத்தான். அவற்றிலிருந்து அடுத்ததை ஊகிக்க முடியும் என்ற நம்பிக்கைதான் தவறு.

பணத் திட்டம் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. மாலைக்கென ஒதுக்கும் தொகையைச் செலவாகவே எழுதிவிட வேண்டும். சினிமா டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைப் படம் முடிந்ததும் யாரும் திரும்பக் கேட்பதில்லை; இதுவும் அப்படியே. 10,000 ரூபாயோடு போய் 500 வீதம் கட்டினால், நான்கு மணி நேரம் முடியுமுன்பே கை காலியாகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அந்தப் பத்தாயிரம் போனாலும் வீட்டுச் செலவிலோ தொழிலிலோ ஒன்றும் தடுமாறாது என்றால் மட்டுமே அது சரியான தொகை. அதை ரொக்கமாகத் தனியே எடுத்து, ஏடிஎம் கார்டையும் செல்போனில் பணம் அனுப்பும் வசதியையும் விடுதி அறையிலோ, ஆடாத துணையிடமோ விட்டுவிட்டுப் போவது நல்லது. ஜெயித்த பணத்தைத் திரும்ப மேசையில் வைக்காமல் வேறு பையில் போட்டுக்கொள்ளலாம். நண்பர்களாகப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பதில்லை என்று கோவையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். விட்ட பணத்தால் உடைந்த சிநேகிதத்தைவிட, கடனாகக் கைமாறிய பணத்தால் உடைந்தவை அதிகம்.

வரியையும் மறக்கக் கூடாது. 2023 அக்டோபர் முதல், சில்லு வாங்கக் கொடுக்கும் தொகையின் மீதே ஜிஎஸ்டி கணக்கிடப்படுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். கொடுக்கும் பணத்துக்கு எவ்வளவு மதிப்புள்ள சில்லு கைக்கு வரும், வரி அதில் கழிகிறதா, கூடம் ஏற்கிறதா என்று முதல் நோட்டை நீட்டுமுன்பே கவுண்டரில் கேட்டுத் தெளிய வேண்டும். 2.7 சதவீதக் கணக்கெல்லாம் இதன் முன் சின்னது. ஜெயித்த பணம் வருமான வரியில் தனி வகை. 30 சதவீதம் வரி, தோற்றதையோ பயணச் செலவையோ அதில் கழிக்க முடியாது.

சாப்பாட்டைக் கப்பலில் வைத்துக்கொள்ளாமல் ஊரில் வைத்துக்கொள்வதே பயணத்துக்கு அழகு. கப்பலின் பஃபேயில் கிடைப்பது எந்த ஊர் விடுதியிலும் கிடைக்கும். பணஜியின் சின்னக் கடைகளில் மதியம் மீன் குழம்பும் சோறும் தட்டில் வரும். கூடவே கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இளஞ்சிவப்பு சோல் கடி. ஷகுத்தி என்ற கறிக்குத் தேங்காயையும் கசகசாவையும் மசாலாவையும் வறுத்து அரைக்கிறார்கள். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு என்று சுருக்கமாகச் சமைக்கும் பள்ளிபாளையம் சிக்கனுக்குப் பழகிய நாக்கு அதில் தேங்காயை உடனே அடையாளம் கண்டுகொள்ளும், மற்றதெல்லாம் புதிது. கவிச்சி சாப்பிடாதவர்களுக்குச் கோவாவின் சாரஸ்வதப் பிராமணர் சமையலில் இடமுண்டு. துவரம்பருப்பும் காய்களும் தேங்காயும் தெப்பல் என்ற மணக்காயும் சேர்ந்த கட்கடே அவற்றில் முக்கியமானது. இனிப்புக்கு பெபிங்கா. தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, நெய் சேர்த்து அடுக்கடுக்காகச் சுட்டு எடுப்பது. ஓர் அடுக்கு வெந்தபின் அடுத்ததை ஊற்றுவதால் பொறுமை வேண்டிய பலகாரம். கப்பலேறும் மாலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவதும், ஆடும்போது குடிக்காமல் இருப்பதும் பணத்தையும் காக்கும். மேசைக்கே வரும் பானம் இலவசமாக இருந்தாலும், அது மங்கச் செய்யும் நிதானத்துக்கு விலை உண்டு.

பார்க்கும் இடங்களில் தமிழருக்கென்றே சில காத்திருக்கின்றன. முதல் நாள் மாலை, பணஜியின் ஃபோன்டைனாஸ் குடியிருப்பில் மஞ்சளும் நீலமும் காவியும் பூசிய பழைய போர்த்துக்கீசிய வீடுகளுக்கு நடுவே நடக்கலாம். இரண்டாம் நாள் காலை, பழைய கோவா. 1605இல் அர்ப்பணிக்கப்பட்ட பாம் ஜீசஸ் பெருங்கோயிலில் புனித சவேரியாரின் உடல் வெள்ளிப் பேழையில் இருக்கிறது. 1540களில் முத்துக்குளித்துறையில் கடலோரப் பரதவரிடையே நடந்து திரிந்தவர் அவர். அதே பழைய கோவாவில் புனித பவுல் கல்லூரியின் முகப்பு வளைவு மட்டும் தனியே நிற்கிறது, கட்டடம் போய்விட்டது. 1556இல் இந்தியாவின் முதல் அச்சகம் இயங்கியது அந்தக் கல்லூரியில்தான். 1577இல் கோவாவில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளும் மறு ஆண்டு கொல்லத்தில் வார்த்தவையும் சேர்ந்தே 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. தமிழ் நூல் வாசிக்கும் யாரும் அந்த வளைவின்முன் சற்று நேரம் நிற்கலாம். அங்கே கூட்டம் இருக்காது.

பிற்பகலில் போண்டா பக்கம் மங்கேஷி கோயிலுக்குப் போகலாம். 1560இல் போர்த்துக்கீசியருக்கு அஞ்சி இறைவனை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுவந்து வைத்த இடம். முன்னால் ஏழு அடுக்கு வெள்ளை விளக்குக் கோபுரம் நிற்கிறது. கோயில் வாசலில் ஒற்றைக்கல் விளக்குத் தூண் நிற்பதைப் பார்த்து வளர்ந்த கொங்குக்காரர்களுக்கு அதே எண்ணம் வேறொரு கையில் எப்படி உருவம் பெற்றிருக்கிறது என்று ஒப்பிடத் தோன்றும். நேரமிருந்தால் ரிபந்தர் துறையில் படகேறிச் சோரவ் தீவுக்குப் போகலாம். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் சலீம் அலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதே சலீம் அலியின் பெயரில் 1990இல் தொடங்கிய பறவையியல் மையம் கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில் இருப்பதைக் கோவைக்காரர்களிலேயே பலர் போய்ப் பார்த்ததில்லை. மாண்டவியில் கேசினோக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலேயே, அதே ஆற்றில், மீன்கொத்திகளும் கொக்குகளும் இருக்கின்றன.

இந்த இடங்களை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று விளங்கும். கேசினோக் கூடம் கோவாவிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கிட்டத்தட்ட ஒன்றே: அதே பச்சை மேசை, அதே சக்கரம். ஊர் அப்படி இல்லை. கொழும்புக்குப் போகிறவர் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களையும், கருங்கல்லில் எழுந்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலையும் பார்க்கலாம். சிங்கப்பூருக்குப் போகிறவருக்குச் சிராங்கூன் சாலையும் வீரமாகாளியம்மன் கோயிலும் அங்கே வாழையிலைச் சோறும் உண்டு. தூரம் கடந்து போவதற்கு உண்மையான காரணமாக இருப்பவை இவைதான். கூடத்துக்கு ஒரு மாலை போதும் என்பதற்கும் அதுவே காரணம்.

எல்லோரும் இந்தப் பயணத்தைத் திட்டமிடலாம் என்று சொல்ல முடியாது. கடனை அடைக்கும் வழியாகக் கேசினோவை நினைப்பவர், ஆன்லைன் ரம்மியிலோ லாட்டரியிலோ ஏற்கெனவே வீட்டுக்குத் தெரியாமல் பணம் விட்டவர், தோற்ற பிறகு எழுந்து வர முடியாதவர் ஆகியோர் கப்பலேறக் கூடாது. பழக்கம் கைமீறியதாகத் தோன்றினால் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. குடும்பத்தில் ஒருவர் இப்படி இருந்தால், அவரைக் கண்காணிப்பதாகச் சொல்லிக் கேசினோவுக்கு உடன் அழைத்துப் போவது தீங்கே செய்யும். அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும் இதே இரண்டு நாள் திட்டம் பொருந்தும். கடைசி மாலையில் படகுத்துறைக்குப் போகாமல் ஃபோன்டைனாஸில் நிதானமாக ஒரு சாப்பாடும், பெபிங்கா ஒரு துண்டும் வைத்துக்கொண்டால் போதும். திட்டத்தின் வேறெந்தப் பகுதியையும் மாற்ற வேண்டியதில்லை.